அண்ணன் போர்டை மாற்றியது

அக்டோபர் 7, செவ்வாய்

அப்பாவிடம் இன்று சொல்லாதது: மோட்டார் தானாக ஓடவில்லை. மோட்டாரைப் போனிலிருந்து ஓட்ட அண்ணன் செய்த போர்டில் ஒரு கோளாறும் இல்லை. அம்மாதான் ஓட்டுகிறாள். அது அவளுக்கே தெரியாது.

காலையிலிருந்து தூறல். தக்காளி வயலில் கால் வைக்க முடியாத சேறு. மதியம் சோறு, கீரை. அப்பா இடது தோளைத் தேய்த்துக்கொண்டே சாப்பிட்டார்.

"அந்த போர்டக் கழட்டிக் கடாசு கண்ணு. தோளோட போச்சு. தலையில பட்டிருந்தா?"

போன வாரம் சொட்டுநீர் மெயின் பைப்பின் இணைப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். மோட்டார் திடீரென்று ஓடியது. பைப் துள்ளித் தோளில் அடித்தது. அதற்கு முன்பும் இரண்டு மூன்று முறை தானாக ஓடி வரப்பு நிறையத் தண்ணீர்.

மதியத்துக்கு மேல் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மோட்டார் கொட்டகைக்குப் போனேன். போர்டோடு இணைத்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு திரையில் ஒரு எண் வந்தது. அம்மாவின் எண். இரண்டு முறை மணி அடித்து நின்றுவிட்டது. 'டக்'. மோட்டார் ஓடியது.

அண்ணன் வைத்த ஏற்பாடு அப்படி. மிஸ்டு கால் கொடுத்தால் ஓடும், மறுபடி கொடுத்தால் நிற்கும். இங்கே எல்லோருக்கும் அதுதான் பழக்கம், காசு போகாது. வைக்காமல் காத்திருந்தால் போர்டே போனை எடுத்துப் பேசும், கரண்ட் போனாலும் பேட்டரியில். "வணக்கமுங்க. கரண்ட் இருக்குதுங்க. மோட்டார் நிக்குதுங்க." அண்ணனின் குரல். தொப்பூர் இறக்கத்தில் லாரி மோதி அவன் இறந்து ஒன்றரை வருடம்.

மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்தேன். அம்மா பின்கட்டில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். போன் முந்தானைக்குள். அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்திருக்கிறார். அண்ணன் குரல் வருவதற்குள் அவள் பாதியில் வைத்துவிட்டாள். பாதியில் வைத்தால் அது மிஸ்டு கால்.

சாயங்காலம் அப்பா: "கண்டுபுடிச்சியா?"

"சிப்பு பழசாயிடுச்சுப்பா. மாத்திடலாம்."

மாற்றும் வரை பைப்பைத் தொடுவதற்கு முன் ஃபியூஸைப் பிடுங்கிவிடச் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 8, புதன்

மாரண்டஹள்ளியிலிருந்து தர்மபுரி பஸ். ஜன்னல் மூடாது, மடி நனைந்தது. முன் சீட்டில் ஒரு பெண் போனில்: "நான் அழுவலடி, சளி புடிச்சிருக்குது." நாளெல்லாம் அந்த வாக்கியம் கூடவே இருந்தது.

கடை. ஃபாரூக் அண்ணன் கீழே மோட்டாருக்குக் காயில் கட்டுகிறார். மாடி அறை என் அண்ணனுடையது. ஓசூர் வேலையை விட்டபின் அங்கே நான் உட்கார்கிறேன். அண்ணனும் அவரும் சேர்ந்து விற்ற போர்டுகள் பழுதானால் வரும். புதியது செய்யச் சிப் கிடைக்காததால் விற்பனை நின்றுபோய்க் கிடக்கிறது. எந்த வகைக்கு மாறுவது என்று ஆடியிலிருந்து பேசுகிறோம். இன்றைக்கு நானே ஆரம்பித்தேன். அவருக்கு ஆச்சரியம்.

"நேத்து வரைக்கும் பழசேதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்ன. என்ன தங்கச்சி ஆச்சு?"

"அப்பாவுக்குத் தோள்ல அடிண்ணா."

நேற்றைப் பற்றி இவரிடமும் சொல்லவில்லை.

எழுதி வைத்துக்கொண்டது:

பழைய எட்டு பிட் சிப் — ஐந்து வோல்ட். பக்கத்தில் எவ்வளவு பெரிய மோட்டார் ஓடினாலும் அசையாது. அண்ணன் பெரும்பகுதியை இதன் அசெம்பிளி மொழியிலேயே எழுதியிருக்கிறான். நினைவகம் நிரம்பிவிட்டது, இன்னும் ஒரு வரி சேர்க்க இடமில்லை. அதே வரிசையில் பெரிய சிப் உண்டு, இருப்பில் இல்லை, எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. சந்தையில் கிடைப்பது பழைய சாமானிலிருந்து பிடுங்கி மேலே புதிதாக அச்சடித்தது.

வைஃபை சிப் — மலிவு. இடம் ஏராளம். கல்லூரிப் பிள்ளைகள் எல்லாம் இதில்தான் செய்கிறார்கள், எதைக் கேட்டாலும் இணையத்தில் பதில் உண்டு. ஆனால் வயலில் வைஃபை ஏது?

முப்பத்திரண்டு பிட், வைஃபை இல்லாதது — விலை நடுவில். மின்னோட்டத்தைச் சரியாக அளக்கும். தனிக் குரல் சிப் இல்லாமல் தானே பேசும். ஆனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து எழுத வேண்டும். அண்ணன் எழுதியதில் ஒரு வரிகூட அப்படியே போகாது.

கடைசி வாக்கியத்தை எழுதிவிட்டுப் பேனாவை மூடி வைத்தேன்.

ஃபா. அண்ணன் எட்டிப் பார்த்தார். "இது என்னா, சிப்பு தேடறியா மாப்பிள்ள தேடறியா? ஒவ்வொண்ணுக்கும் நூறு பக்கம் ஜாதகம்!"

மத்தியானம் பொம்மிடிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர். மின்னல் வெட்டி போர்டு போய்விட்டதாம்.

"எத வேணா மாத்துங்க, தம்பி பேசுறத மட்டும் மாத்திப்புடாதீங்க. கரண்ட் இல்லைங்கன்னு அது சொன்னா, எங்கூட்டுக்காரி 'சரிப்பா, வந்தா சொல்லு'ங்கறா." சிரித்தார். "தம்பி எங்க, ஆளயே காணோம்? வெளியூரா?"

ஃபா. அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு கையில் இருந்த செம்புக் கம்பியைப் பார்த்தார்.

"ஆமாங்க. வெளியூருங்க" என்றார்.

அக்டோபர் 10, வெள்ளி

வெயில். ஃபா. அண்ணன் ஜும்மாவுக்குப் போனபின் கடையில் யாரும் இல்லை. சோதனைக்கு நல்ல நேரம்.

மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, பக்கத்தில் மோட்டாருக்கு மின்சாரம் விடும் பெரிய கான்டாக்டர் சுவிட்சை வைத்து 'டக் டக்' என்று போட்டுப் போட்டு நிறுத்தினேன். பழையது அசையவே இல்லை. நான் கட்டிய இணைப்பில் வைஃபை சிப் ஐந்தில் ஒரு முறை முதலிலிருந்து தொடங்குகிறது. மின்வழங்கியைச் சரி செய்தால் நிற்கலாம். முப்பத்திரண்டு பிட் ஒரு முறை தடுமாறியது. ஒரு மின்தேக்கி கூடுதலாகப் போட்டதும் தடுமாற்றம் நின்றுவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் அண்ணனின் போர்டுதான் ஜெயித்தது. அதைத்தான் கழற்றப் போகிறேன்.

அம்மாவின் மிஸ்டு காலை மட்டும் கண்டுகொள்ளாமல் விடச் சொல்லலாமா என்று பழையதிலேயே முயன்று பார்த்தேன். நான்கு வரி. இடம் போதவில்லை. எதையாவது எடுத்தால்தான் நுழையும். எதை எடுப்பது? எல்லாம் அவன் இழைத்து இழைத்துப் பொருத்தியது. ஓர் இடத்தில் குறிப்பு எழுதியிருக்கிறான்: 'சுதா, இங்கே கை வெச்சா கடிப்பேன்.' நான் அப்போது கல்லூரி மூன்றாம் வருடம். கை வைத்திருக்கிறேன் போல, ஞாபகமில்லை.

அம்மாவின் எண்ணையே போர்டிலிருந்து எடுத்துவிட்டால் மோட்டார் பிரச்சினை இரண்டு நிமிடத்தில் தீரும். ஆனால் தெரியாத எண் என்று அது அவளுடைய அழைப்பை வெட்டிவிடும். அண்ணன் அவள் அழைப்பை வெட்டிய மாதிரி ஆகும். செய்யவில்லை.

வாங்க: ஈயக் கம்பி, மின்தேக்கி, அம்மாவுக்கு முட்டிவலித் தைலம்.

அக்டோபர் 13, திங்கள்

அம்மாவிடம் பேசினேன். அவள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து நான்கு காய் உரித்தபின்:

"அம்மா, அண்ணன் பேசறத அந்தக் குரல் சிப்புல இருந்து எடுத்து உன் போன்ல போட்டுத் தரட்டுமா? எப்ப வேணா கேட்டுக்கலாம்."

கை நிற்கவில்லை. நான் எப்படித் தெரிந்துகொண்டேன் என்று கேட்கவில்லை.

"வேணாம் கண்ணு."

"ஏம்மா?"

"அது பாட்டு போட்டுக் கேக்கற மாதிரி. நான் கூப்புடணும். அவன் எடுக்கணும்."

பிறகு: "இப்பல்லாம் கரண்ட் இல்லைங்க, கரண்ட் இல்லைங்கன்னே சொல்றான். வூட்ல கரண்ட் இருக்குது. அங்க மட்டும் ஏன் இல்ல?"

அப்பா ஃபியூஸைப் பிடுங்கி வைத்திருக்கிறார் என்று சொன்னேன். ஏன் என்று கேட்டாள். மழைக்கு, என்றேன்.

படித்த கதைகளில் இறந்தவர்கள் கனவில் வருகிறார்கள், பறவையாக வருகிறார்கள். எங்கள் வீட்டில் போனை எடுக்கிறான். 'வணக்கமுங்க' என்கிறான். பெற்ற தாயை வாங்க போங்க என்கிறான். அதற்கு அவள் என்ன பதில் சொல்வாள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

அக்டோபர் 17, வெள்ளி

தீபாவளிக் கூட்டம். அப்பாவோடு மாரண்டஹள்ளி மண்டிக்கு. தோள்வலியில் அவரால் தக்காளிக் கிரேட் தூக்க முடியாது, நான் தூக்கினேன். மண்டிக்காரர்: "என்ன, இஞ்சினியரம்மா தக்காளிக்கு வந்துட்டாங்க!" அப்பா, "எங்கூட்டு ஆம்பளப் புள்ள இப்ப இதுதானுங்க" என்றார். சொன்னபின் அவர் முகம் போன போக்கு.

டீக்கடையில் டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"புது போர்டுல பேச்சு வேணாம் கண்ணு."

"ஏம்ப்பா?"

"ஒன்ற வருசமா நான் அந்த நம்பருக்கு ஒரு கால் போட்டிருப்பனா? விடியறதுக்குள்ள நடந்து போயி கையால பட்டன அழுத்தறேன். எதுக்குங்கற? தப்பித் தவறி எடுத்துட்டான்னா என்னால தாங்க முடியாது."

டீ ஆறிப் போயிருந்தது. குடித்தார்.

"உங்கம்மா கூப்புடறது எனக்குத் தெரியும்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"பைப்பு அடிச்ச அன்னிக்கே தெரியும். சத்தம் கேட்டு ஓடியாந்தா பாரு, கையில போனு, அதுல அந்த நம்பரு. அவளுக்குத்தான் வெளங்கல."

"அப்புறம் ஏம்ப்பா போர்டு மேல பழியப் போட்டீங்க?"

"நீ போன் போட்டதாலதான் என் தோளு போச்சுன்னு அவகிட்டச் சொல்லச் சொல்றியா? அப்புறம் அவ சோறு திம்பாளா? போர்டுன்னா அதுக்கு வலிக்கவா போவுது."

எனக்கு வலித்தது என்று சொல்லவில்லை. அவருக்கும் வலித்திருக்கும். மகன் செய்ததைப் பற்றி ஊரில் ஒருவர் விடாமல் பெருமை பேசியவர், இரண்டு வாரமாக எல்லோரிடமும் 'அது கெட்ட போர்டுங்க' என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அம்மாவுக்கு அவன் எடுக்க வேண்டும். அப்பாவுக்கு அவன் எடுக்கக் கூடாது. போர்டு ஒன்று. எண் ஒன்று.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

பட்டாசு இல்லை. அதிரசம் பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அப்பா புது வேட்டியை மஞ்சள் வைத்து மடித்தபடியே வைத்துவிட்டார்.

முடிவு: முப்பத்திரண்டு பிட்.

ஃபா. அண்ணனுக்கு அனுப்பிய காரணங்கள்: அளவு துல்லியம். கிடைக்கும். தடுமாறினால் தன்னைத்தானே மறுபடி எழுப்பிக்கொள்ளும். நாளைக்கே புது நெட்வொர்க் மோடம் போட வேண்டி வந்தாலும் தாங்கும். எல்லாம் உண்மை.

அனுப்பாதது: யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்து ஆளுக்கு ஒரு மாதிரி நடந்துகொள்ள அதில் இடம் இருக்கிறது. அப்பாவின் எண் என்றால் போனை எடுக்கவே எடுக்காது. மிஸ்டு காலுக்கு ஓடும், நிற்கும், அவ்வளவுதான். அம்மாவின் எண் என்றால் மோட்டாரைத் தொடாது. எடுக்கும். பேசும்.

விற்பனைக்குப் போகும் போர்டில் குரல் என்னுடையது. ஃபா. அண்ணன் யோசனை. "கரண்ட் இருக்குதுங்க" என்று மாடி அறையில் ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல இருக்கிறது.

அக்டோபர் 23, வியாழன்

கடையில் கிடந்த பழைய போர்டின் குரல் சிப்பிலிருந்து ஒயர் இழுத்து லேப்டாப்பில் வாங்கினேன். எட்டு வாக்கியம். மொத்தம் ஒரு நிமிடம்கூட இல்லை. ஒன்றில் பின்னால் பஸ் ஹாரன். 'மோட்டார் ஓடுதுங்க' என்பதில் முடிவில் லேசாகச் சிரிப்பு, பக்கத்தில் ஃபா. அண்ணன் எதையோ சொல்லியிருக்க வேண்டும். அந்த எட்டுக்கு மேல் அவன் ஒன்றும் சொல்ல மாட்டான். சுதா என்று அதில் இல்லை.

நாள் முழுக்க அதிலேயே. இரைச்சலைச் சுத்தம் செய்து, ஒலி அளவை ஒன்றாக்கி, புதிய சிப்புக்குள் ஏற்றினேன். ஸ்பீக்கரில் போட்டுப் பார்த்தபோது அறைக்குள் நிற்கிற மாதிரி கேட்டது. கீழே காயில் கட்டும் சத்தம் நின்றது.

ஃபா. அண்ணன் படியேறி வந்தார். "பேச்சு வேணாம்னாரே உங்கப்பா?"

"ஒரே ஒரு நம்பருக்கு மட்டும்ண்ணா."

எந்த நம்பர் என்று கேட்கவில்லை. பெட்டியின் திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கிக் கொடுத்தார். போகும்போது, "பேட்டரி நல்லதாப் போடு தங்கச்சி" என்றார்.

அக்டோபர் 26, ஞாயிறு

மாற்றிவிட்டோம். காலை மேகமூட்டம். அப்பா பழைய போர்டைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டார். எங்கே வைத்தார் என்று பார்க்கவில்லை. அதே சிம், அதே எண்.

புதியதற்கு அவரை மிஸ்டு கால் கொடுக்கச் சொன்னேன். தயங்கினார். "எடுக்காதுல்ல?"

"எடுக்காதுப்பா."

அழுத்தினார். போனைக் காதில் வைக்காமல் தூரமாகப் பிடித்துக்கொண்டார். மோட்டார் ஓடியது. தண்ணீர் வந்தது. "நல்லா வேல செய்யுது" என்றார், யாரையோ சமாதானம் செய்கிற மாதிரி.

மூன்று மணிக்கு மேல் நான் கொட்டகையிலேயே இருந்தேன். அம்மாவின் எண் வந்தது. போர்டு எடுத்தது. பேசியது. பேசி முடித்தபின்னும் இணைப்பு அப்படியே இருந்தது. பிறகு வைத்துவிட்டாள்.

விளக்கு வைக்கிற நேரம். அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்:

"போர்டு மாத்திட்டீங்களா?"

"ஆமாம்மா. அண்ணன் கொரலுதான் வெச்சிருக்கேன். உனக்கு மட்டும்."

"ம்." தட்டைக் கவிழ்த்தாள். "பேசறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு இழுப்பான்ல. அது காணோம்."

நான் ஒரு தட்டை எடுத்துத் துடைத்தேன்.

"மூச்சு வுடாமப் பேசறான் கண்ணு."

லேப்டாப்பில் எடுத்துப் பார்த்தேன். எட்டு வாக்கியத்துக்கும் முன்னால், வெட்டுவதற்கு முந்தைய கோப்பில், ஒலி அலையில் சின்ன மேடு. இரைச்சல் என்று நினைத்து நான்தான் வெட்டியிருக்கிறேன். எட்டையும். கச்சிதமாக.

நவம்பர் 2, ஞாயிறு

வாரம் முழுக்க மழை. இன்றுதான் கொட்டகைக்குப் போக முடிந்தது. மூச்சைத் திரும்ப வைத்தேன். பஸ் ஹாரனையும் வைத்தேன். பழைய சிப்பில் இருந்த இரைச்சல் முழுவதையும் அப்படியே. ஃபா. அண்ணனுக்குப் போன் போட்டு, அவர் எண்ணையும் கொஞ்ச நேரம் சேர்த்து, கூப்பிடச் சொல்லிக் கேட்க வைத்தேன். பிறகு, "அப்பிடியே இருக்குதும்மா." உடனே அவர் எண்ணை எடுக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் நிலக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"சரி பண்ணிட்டேம்மா. மூச்சு இருக்குது. கூப்புட்டுப் பாரு."

"பாக்கறேன் கண்ணு."

"இப்பவே பாரேன்."

"கை அழுக்கா இருக்குது."

ஃபிரிட்ஜ் மேல் அவள் போன். நான் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

வெயில். அப்பாவால் தோளை முழுக்கத் தூக்க முடிகிறது. முதல் தக்காளி முடிந்தது, அடுத்ததற்கு நாற்று சொல்லியிருக்கிறார். இப்போதெல்லாம் விடியற்காலையில் நடப்பதில்லை, படுத்த இடத்திலிருந்தே மிஸ்டு கால். கடையில் புதிய போர்டுக்கு இரண்டு பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள். பொம்மிடிப் பெரியவருக்குப் பழையதையே ஒருவழியாகச் சரி செய்து கொடுத்தேன்.

சாயங்காலம் கொட்டகையில் போர்டுக்கு வந்த அழைப்புகளைப் பார்த்தேன். அப்பா, அப்பா, அப்பா. ஒரு முறை ஃபா. அண்ணன். அம்மாவின் எண்ணிலிருந்து, மாற்றிய அன்று வந்த அந்த ஒன்றுதான். அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை.